ஆசிரியை சார்லட் புரொன்டி

எம்முள் ‘ஜேன் எயர்’ நாவலை அறியாதவர்கள் மிகச் சிலரே. ஆங்கில இலக்கியப் பாடத்துக்காகப் படித்தோரும் உண்டு. நூலகத்திலிருந்து எடுத்துச் சென்று படிப்பை மறந்து வாசித்தோரும் உண்டு. ஆனால் அதை எழுதிய சார்லட் புரொன்டி, எமது ஆசிரியைகளைப் போலவே வகுப்பில் நின்று இலக்கணம் கற்பித்தவர் என்பதையோ, அத்தொழிலில் அவர் மனம் ஒட்டவேயில்லை என்பதையோ நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. பாடசாலை வாழ்வை நினைவுகூரும் இம்மலரில் அவரது வாழ்வையும் சிறிது நோக்குவது பொருத்தமாகும்.

சார்லட் 1816 ஏப்ரல் 21 ஆம் திகதி இங்கிலாந்தின் யோர்க்ஷயர் பகுதியிலுள்ள தோர்ன்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை பற்றிக் புரொன்டி அயர்லாந்திலிருந்து வந்த அங்கிலிக்கன் மதகுரு. ஆறு பிள்ளைகளில் சார்லட் மூன்றாமவர். 1820 இல் குடும்பம் ஹவர்த் கிராமத்துக்குக் குடிபெயர்ந்தது. அடுத்த ஆண்டே தாய் காலமானார். கவன் பிரிட்ஜ் விடுதிப் பாடசாலையில் சேர்க்கப்பட்ட மூத்த சகோதரிகள் மரியாவும் எலிசபெத்தும் சயரோகத்துக்கு ஆளாகி 1825 இல் அடுத்தடுத்து இறந்தனர். ஒன்பது வயதில் சார்லட் வீட்டின் மூத்த பிள்ளையானார்.

1826 இல் தந்தை மகன் பிரான்வெல்லுக்கு மரத்தாலான விளையாட்டுப் போர்வீரர்களை வாங்கி வந்தார். அந்தப் பொம்மைகளைக் கொண்டு நான்கு பிள்ளைகளும் கதை புனையத் தொடங்கினர். உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு கொப்பிகளைத் தாமே தைத்து, அச்செழுத்துப் போன்ற நுண்ணிய எழுத்தில் அக்கதைகளை எழுதினர். பின்னர் சார்லட்டும் பிரான்வெல்லும் அங்கிரியா என்ற கற்பனை நாட்டையே படைத்தனர். இந்த எழுத்துவேலை பிள்ளை விளையாட்டாக முடியவில்லை. வளர்ந்த பின்னரும் சார்லட்டை விடாது தொடர்ந்தது.

தந்தையின் வருமானம் சொற்பம். அவருக்குப் பின் வீடும் குடும்பத்துக்கு உரியதல்ல. அது திருச்சபைக்குச் சொந்தமானது. படித்த, ஆனால் பணமில்லாத பெண்ணுக்கு அக்காலத்தில் கௌரவமாகத் திறந்திருந்த வழி கற்பித்தல் ஒன்றே. ஆகவே 1835 இல், தாம் முன்பு கற்ற ரோ ஹெட் பாடசாலைக்கே சார்லட் ஆசிரியையாகத் திரும்பினார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. அதிபர் மிஸ் வூலர் அன்பானவர். பாடசாலையும் நல்ல பாடசாலை. குறை அங்கு இருக்கவில்லை. காலை முதல் இரவு வரை பாடம், மேற்பார்வை, தையல் என்று நாள் முழுவதும் பிறருக்கே போய்விட்டது. மனமோ அங்கிரியாவில் இருந்தது.

அந்நாட்களில் அவர் உதிரித் தாள்களில் எழுதிவைத்த குறிப்புகள் இன்றும் உள்ளன. விளங்காத மாணவிகளுடன் மல்லாடும் சலிப்பையும், வாழ்வின் சிறந்த காலம் இப்படியே கழிந்துவிடுமோ என்ற ஆற்றாமையையும் அவற்றில் மறைக்காமல் எழுதியுள்ளார். மாணவிகள் மீது அவர் கொண்ட எரிச்சலைப் படிக்கும்போது, மாணவிகளாக இருந்த எமக்குச் சற்று வலிக்கவே செய்கிறது. அவர் பொறுமைமிக்க ஆசிரியை அல்லர். ஆயினும் கடமையைக் கைவிட்டவரும் அல்லர்.

1836 இறுதியில் அவர் துணிந்து, அரசவைக் கவிஞர் ரொபேட் சவுதேக்குத் தமது கவிதைகளை அனுப்பி அபிப்பிராயம் கேட்டார். சில மாதங்களின் பின் பதில் வந்தது. ஆற்றல் உண்டு என்று ஒப்புக்கொண்ட கவிஞர், இலக்கியம் பெண்ணின் வாழ்க்கைத் தொழிலாக இருக்க முடியாது, இருக்கவும் கூடாது என்று அறிவுரை கூறினார். சார்லட் பணிவுடன் நன்றி தெரிவித்தார். பகலில் கடமையைத் தவிர வேறெதையும் நினைப்பதில்லை என்றும், மாலை வேளைகளில் மட்டும் சிந்திப்பதுண்டு என்றும் எழுதினார். அந்த மாலை வேளைகளை அவர் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

1839 இலும் 1841 இலும் செல்வந்தர் வீடுகளில் தங்கிப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். இரண்டாவது வீட்டில் ஆண்டுச் சம்பளம் 20 பவுண். அதிலும் சலவைச் செலவு கழிக்கப்பட்டது. பிள்ளைகள் உறங்கிய பின்னரும் தையல்வேலை காத்திருந்தது. சொந்தப் பாடசாலை ஒன்று இருந்தால் விடுதலை கிட்டும் என எண்ணி, மொழி கற்க 1842 இல் எமிலியுடன் பிரசெல்ஸ் சென்றார். திரும்பி வந்து 1844 இல் ஹவர்த் வீட்டிலேயே பாடசாலை தொடங்க அறிவித்தல் அச்சிட்டார். ஒரு மாணவிகூடச் சேரவில்லை.

அந்தத் தோல்வியின் பின்னரே எழுத்து முன்னுக்கு வந்தது. 1845 இல் எமிலியின் கவிதைகள் தற்செயலாகச் சார்லட்டின் கண்ணில் பட்டன. பெரியம்மா விட்டுச்சென்ற பணத்தில் மூன்று சகோதரிகளும் 1846 இல் ஒரு கவிதை நூலை வெளியிட்டனர். பெண்கள் என்று தெரிந்தால் நடுநிலையாக மதிப்பிடமாட்டார்கள் எனக் கருதி கரர், எலிஸ், அக்டன் பெல் என்ற பெயர்களைச் சூடிக்கொண்டனர். முதல் ஆண்டில் விற்றவை இரண்டே பிரதிகள். ஆனால் சகோதரிகள் ஓயவில்லை. இரவு ஒன்பது மணிக்கு வீட்டுவேலையை ஒதுக்கிவிட்டு, அறையில் மேலும் கீழும் நடந்தபடி தத்தம் நாவல்களைப் பற்றிப் பேசிக்கொள்வது அவர்கள் வழக்கம்.

1846 ஆகஸ்டில் தந்தையின் கண்ணில் சத்திரசிகிச்சை செய்விக்கச் சார்லட் அவரை மன்செஸ்டருக்கு அழைத்துச் சென்றார். சிகிச்சை நடந்த அன்றே, ‘த புரொபெசர்’ என்ற அவரது முதல் நாவல் பதிப்பகத்தாரால் திருப்பி அனுப்பப்பட்டு வந்து சேர்ந்தது. இருட்டறையில் கண்கட்டுடன் தந்தை படுத்திருக்க, அந்த வாடகை விடுதியில் சார்லட் ‘ஜேன் எயர்’ எழுதத் தொடங்கினார். 1847 ஒக்டோபரில் அது வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. பதிப்புரிமைக்கு முதலில் கிடைத்தது 100 பவுண். முன்னைய வேலையில் ஐந்தாண்டுச் சம்பளம். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1848 செப்டெம்பரில் பிரான்வெல், டிசெம்பரில் எமிலி, 1849 மே மாதத்தில் ஆன் என மூவரும் மறைந்தனர். தனித்து நின்ற சார்லட் ‘ஷேர்லி’, ‘வில்லெட்’ ஆகிய நாவல்களை எழுதினார். 1854 இல் ஆதர் பெல் நிக்கல்ஸ் என்ற மதகுருவை மணந்தார். 1855 மார்ச் 31 இல், தமது முப்பத்தெட்டாம் வயதில் காலமானார்.

அவர் வெறுத்த அந்த ஆண்டுகள் வீணாகவில்லை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். கவன் பிரிட்ஜ் இல்லாமல் ஜேனின் லோவூட் இல்லை. பிரசெல்ஸ் இல்லாமல் ‘வில்லெட்’ இல்லை. ஆயினும் அந்த ஆண்டுகளுக்காக அவர் கொடுத்த விலையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. எழுதக் கிடைக்காமற்போன பொழுதுகள் திரும்பி வரவில்லை.

எமக்குக் கற்பித்த ஆசிரியைகளுள்ளும், விடுதி விளக்கணைந்த பின் தமக்கெனச் சிறிது நேரம் வைத்திருந்தவர்கள் இருந்திருக்கலாம். அவர்களது மேசை இழுப்பறையில் என்ன இருந்தது என்று நாம் ஒருபோதும் கேட்டதில்லை. இன்று எம்முள் பலர் அலுவலகங்களிலும் வகுப்பறைகளிலும் வீடுகளிலும் அதே நிலையில் இருக்கிறோம். அந்த மாலை வேளையை நாமும் விட்டுக்கொடுக்காதிருப்போமாக.