சுவீடிய தேகப்பயிற்சியின் தந்தை பேர் கென்றிக் லிங்

நம் கல்லூரியின் மூத்த பழைய மாணவர்கள் ஒன்றுகூடும்போது ‘டிறில்’ என்னும் சொல் அவர்தம் பேச்சில் எவ்வாறேனும் வந்துவிடும். இடையிற் கைவைத்து நிற்றலும், கட்டளைக்கு ஏற்பக் கைகளை மேலும் பக்கமும் நீட்டுதலும், குதிக்காலை உயர்த்தி முழங்காலை மடித்தலுமாகிய அவ்வசைவுகளை ஆங்கிலேயர் வகுத்தனர் என்று எண்ணுவார் பலர். ஆங்கிலேயர் அவற்றைக் கொண்டுவந்தவர்களேயன்றிக் கண்டவர்கள் அல்லர். அவற்றின் மூலம் சுவீடன் தேசத்தில் ஒரு புலவர் வகுத்த முறையாகும். அப்புலவரின் பெயர் பேர் கென்றிக் லிங். தேகப்பயிற்சியும் கல்வியின்பாற்பட்டதே, அதற்கு அரசு பொருள் வழங்குதல் வேண்டும் என்று ஆட்சியாளர் வாயிலில் நின்று வாதாடி வென்றவர்களுள் அவர் முன்னோடி.

லிங் 1776ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 15ஆந் திகதி, சுவீடன் நாட்டின் தென்பாகத்திலுள்ள சிமோலாந்து மாகாணத்தில் ஒரு சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் அவ்வூர்த் தேவாலயத்துக் குரு. தந்தையை மிக்க இளமையிலேயே இழந்தார். லுண்ட், உப்சலா என்னும் பல்கலைக்கழகங்களிற் பயின்று, 1797இற் சமயக்கல்வித் தேர்வொன்றிலுந் தேறினார். தந்தையார் வழியிற் குருவாகி அமைதியாக வாழ்ந்திருக்கலாம். அவர் மனமோ அதில் அமையவில்லை. 1799இல் டென்மார்க்கின் தலைநகராகிய கோப்பன்கேகனுக்குச் சென்றார்.

அந்நகர வாசமே அவர் வாழ்வைத் திருப்பியது. அவ்வாண்டிலேதான் நக்ரகால் என்பார் அங்கே தேகப்பயிற்சிக் கூடமொன்றைத் திறந்திருந்தார். லிங் அங்கே பழகினார். பிரான்சு தேசத்துப் புரட்சிக்கு அஞ்சி வந்திருந்தோரிடம் வாட்போரும் பயின்றார். அவர் கையில் நெடுநாளாக ஒரு வாதநோய் இருந்தது. நாடோறும் வாள் வீசிப் பழகியதனால் அந்நோய் தணிந்ததை அவர் கண்டார். வேறொருவராயின் நோய் போயிற்று என்று மகிழ்ந்து அவ்வளவில் விட்டிருப்பர். இவரோ, ஓர் அசைவு உடலில் இன்ன பயனைத் தருகின்றதென்றால் அதற்குக் காரணம் யாது என்று ஆராயத் தலைப்பட்டார். 1804இல் தாய்நாடு திரும்பி, லுண்ட் பல்கலைக்கழகத்தில் வாட்பயிற்சி ஆசிரியரானார். ஆசிரியராக இருந்துகொண்டே உடற்கூற்றியலையும் உடற்றொழிலியலையும் மாணாக்கன்போலக் கற்றார்.

அக்காலத்திற் சுவீடன் பெருந்துன்பத்துள் வீழ்ந்தது. உருசியாவோடு நிகழ்ந்த போரிலே தோல்வியுற்று, 1809இற் பின்லாந்து முழுவதையும் இழந்தது. தேசத்தின் நிலப்பரப்பில் மூன்றிலொரு பங்களவு ஒரே உடன்படிக்கையிற் பறிபோயிற்று, மன்னர் முடியிழந்தார். கற்றோர் பலர் பழம்பெருமையைப் பாடி மக்களைத் தேற்ற முற்பட்டனர். லிங்கும் பாடினார். வடநாட்டுத் தொல்கதைகளை வைத்து நெடிய காவியங்கள் இயற்றினார். ஆனால், பாட்டினால் மட்டும் ஒரு சமுதாயம் நிமிர்ந்துவிடாது என்பதை அப்புலவரே உணர்ந்திருந்தார்.

ஆகவே, தேகப்பயிற்சிக்கு ஓர் அரசாங்கக் கழகம் வேண்டும் என்று விண்ணப்பித்தார். முதலில் அவர் அணுகிய அமைச்சர் அதனைப் பொருட்படுத்தவில்லை. கழைக்கூத்தரும் செப்படி வித்தைக்காரரும் நாட்டில் வேண்டியமட்டும் இருக்கின்றனர், அவர்களுக்கு அரசாங்கப் பணமும் ஈதல் வேண்டுமோ என்னுங் கருத்துப்பட மறுமொழி வந்ததென்பர். மைதானத்துக்கு ஒரு பந்து கேட்டுப் பெறமாட்டாத பள்ளி ஆசிரியர் எவரும் அம்மறுமொழியின் தொனியை நன்கறிவர்.

லிங் சோர்ந்திலர். தம் வேண்டுகோளை அவர் அமைத்த முறைதான் நாம் கவனிக்கத்தக்கது. விளையாட்டிடங்களையோ கருவிகளையோ அவர் முதலிற் கேட்கவில்லை; ஆசிரியர்களை உருவாக்கும் ஓரிடத்தையே கேட்டார். தலைநகரில் ஒரு நடுக்கழகம் அமையின், அங்கே பயின்றவர்கள் பள்ளிகளுக்கும் படைகளுக்கும் சென்று பிறரைப் பயிற்றுவர். சிறு செலவு பெரும் பயன் தரும் என்பது அவர் வாதம். தோல்வியுற்ற நாட்டின் படைத்தலைவருக்கு அவ்வாதம் ஒருவகையிற் பொருந்திற்று, கல்வியாளருக்கு வேறொருவகையிற் பொருந்திற்று. 1813இல் அரசாணை பிறந்தது. ஸ்ரொக்ஹோம் நகரில் அரச நடுத் தேகப்பயிற்சிக் கழகம் தோன்றிற்று. லிங் அதன் தலைவராய், சாகும்வரை 26 ஆண்டுகள் இருந்தார். கால்பேர்க்குப் படைக்கல்லூரியின் வாட்பயிற்சியும் அவர் கைக்கு வந்தது. கழகத்துக்குக் கிடைத்த இடமோ முன்னே பீரங்கி செய்த பழைய தொழிற்சாலை.

ஆணை கிடைத்தவுடன் எல்லாம் முடிந்துவிடவில்லை. அந்நாட்டுப் பாராளுமன்றம் அக்காலத்திற் பிரபுக்கள், குருமார், நகரத்தார், குடியானவர் என நான்கு பிரிவாக இருந்தது. மன்னர் விரும்பினும் வரிப்பணத்துக்கு அச்சபையினரின் இசைவு வேண்டும். எனினும் கருத்து மெல்ல வேரூன்றிற்று. 1820ஆம் ஆண்டின் பாடசாலை விதிகளில் உயர்பள்ளிகளுக்குத் தேகப்பயிற்சி விதிக்கப்பட்டது. லிங் இறந்தபின் 1842இல் வந்த ஆரம்பப் பாடசாலைச் சட்டம் குடியானவர் பிள்ளைகளுக்கும் அதனைப் பாடமாக்கியது.

அவர் முறையின் உயிர்நிலை, உடலுக்காகவே அசைவு, அசைவுக்காக உடல் அன்று என்பதாம். அதே காலத்திற் செர்மனியில் யான் என்பார் கம்பங்களிலும் சட்டங்களிலும் தொங்கியும் தாவியும் செய்யும் வீரப்பயிற்சிகளைப் பரப்பினார். லிங் அவ்வாறு வியப்பூட்டும் வித்தைகளை விரும்பவில்லை. எந்தத் தசைக்கு எந்த அசைவு, எந்நிலையிற் றொடங்கி எந்நிலையில் முடித்தல் என வரையறுத்தார். கல்வி, படை, மருத்துவம், அழகு என்னும் நான்கு நோக்கங்களுக்கேற்பப் பயிற்சியை வகைப்படுத்தினார். நோயாளருக்கு அசைவினாற் சிகிச்சை செய்யப் புகுந்தபோது மருத்துவர் பலர் சினந்தனர்; குருவின் மைந்தனும் வாள் வீசுவோனுமாகிய ஒருவன் தம் எல்லைக்குட் புகுவதா என்பது அவர் குறை. ஆயினும் 1831இற் சுவீடிய மருத்துவச் சங்கமே அவரை அங்கத்தவராக ஏற்றது. சுவீடிய மசாச்சு என்று உலகம் வழங்கும் பிடித்துவிடும் முறையையும் அவர் தலையிற் கட்டுவாருளர். அதனை ஒழுங்குசெய்தவர் பிற்காலத்தவராகிய மெசுகர் என்னும் ஒல்லாந்தர்.

தமிழாசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்லாமற் செல்ல மனம் ஒப்பவில்லை. 1835இற் சுவீடிய இலக்கியக் கழகம் லிங்குக்கு இடமளித்தது காவியங்களுக்காக. அக்காவியங்களை இன்று விரும்பிப் படிப்பார் அந்நாட்டிலேயே அரியர்; நீளமும் இறுக்கமும் அவற்றைக் கொன்றன என்பர். எழுத்தாணியினும் அவர் கட்டளைச் சொற்களே நெடிது வாழ்ந்தன.

குறையும் உண்டு. உயிரற்ற பொம்மைகளைப்போல மாணாக்கர் வரிசையில் நின்று கட்டளைக்கு அசைதலில் மகிழ்ச்சி எங்கே என்று பின்வந்தோர் கேட்டனர். அக்கேள்வி நேரியதே. பிள்ளைகளுக்கு ஏற்றவாறு பயிற்சியை அமைப்பதில் லிங் அதிகங் கருத்துச் செலுத்தவில்லை. அதனைச் செய்தவர் அவர் மைந்தர் யால்மார் லிங். கொள்கைநூலையும் அவர் முற்றுவித்திலர். 1839ஆம் ஆண்டு மே மாதம் 3ஆந் திகதி அவர் மறைந்தபின், மாணாக்கர் அதனைத் தொகுத்து 1840இல் வெளியிட்டனர்.

கழகத்திற் பெண்கள் 1864 முதற் பயிற்றப்பட்டனர். அவ்வழி வந்த மாட்டினா பேர்க்மன் என்னும் அம்மையார் 1881இல் இலண்டன் பாடசாலைச் சபையின் அழைப்பை ஏற்றுச் சென்று, அந்நகரத்து ஆசிரியைகளுக்கு இம்முறையைப் பயிற்றினார். பின்னர்த் தாமே ஒரு பயிற்சிக் கல்லூரியும் நிறுவினார். 1909இல் ஆங்கிலக் கல்விச் சபை வெளியிட்ட தேகப்பயிற்சிப் பாடத்திட்டம் சுவீடிய முறையையே தழுவியது. குடியேற்ற நாடுகளின் பள்ளி முற்றங்களுக்கு ‘டிறில்’ வந்த வழி அது. பீரங்கித் தொழிற்சாலையிற் றொடங்கிய கழகமோ 2013இல் இருநூறாண்டு நிறைந்து, 1912ஆம் ஆண்டு ஒலிம்பிக்கு விளையாட்டுக்கள் நிகழ்ந்த அரங்கத்தின் அருகிலே உயர்கல்வி நிலையமாக நடைபெற்று வருகின்றது.