இயான் ஃபிளெமிங்: ஒரு கதையும் இரு படங்களும்

ஜேம்ஸ் பாண்ட் திரைப்படங்களைத் தொடர்ந்து பார்த்து வருவோர்க்கு ஒரு படத்தில் மற்றொரு படத்தின் சாயலைக் கண்டுபிடிப்பது தனி இன்பம். விண்கலத்தை மற்றொரு விண்கலம் விழுங்கும் 1967ஆம் ஆண்டுப் படத்தையும், நீர்மூழ்கிக் கப்பல்களை ஒரு பெருங்கப்பல் விழுங்கும் 1977ஆம் ஆண்டுப் படத்தையும் அருகருகே வைத்து, இரண்டையும் இயக்கியவர் லூயிஸ் கில்பர்ட்டே என்று சுட்டிக்காட்டுவர். வெற்றி பெற்ற அச்சில் மீண்டும் வார்ப்பது திரைத்தொழிலின் இயல்பு. ஆனால் 1965இல் வெளிவந்த 'தண்டர்பால்', 1983இல் வெளிவந்த 'நெவர் சே நெவர் அகெய்ன்' ஆகிய இரண்டுக்கும் உள்ள ஒற்றுமை அவ்வகையைச் சேர்ந்ததன்று. இரண்டிலும் இரண்டு அணுகுண்டுகள் களவு போகின்றன; அவற்றைக் காட்டி உலக அரசுகளிடம் பெருந்தொகை கேட்கப்படுகிறது. இரண்டிலும் பஹாமாஸ் கடல். லார்கோ என்னும் கொடியவன். அவனோடு வாழும் டாமினோ. தன் உடன்பிறந்தான் அச்சதியில் கொல்லப்பட்டதை அறிந்த அவளே, இரண்டிலும் லார்கோவை ஈட்டி எய்து கொல்கிறாள். நாயகனாக நடித்தவரும் ஷான் கானரி ஒருவரே. இந்த ஒற்றுமையின் காரணத்தைப் பாண்டைப் படைத்த இயான் ஃபிளெமிங்கின் வாழ்க்கையில்தான் தேட வேண்டும்.

ஃபிளெமிங் 1908 மே 28 அன்று இலண்டனில் செல்வக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பாட்டனார் ராபர்ட் ஃபிளெமிங் ஸ்காட்லாந்தில் பிறந்து வங்கித் தொழிலில் உயர்ந்தவர். தந்தை வாலன்டைன், நாடாளுமன்ற உறுப்பினர். 1917 மே மாதம் முதல் உலகப் போரில், பிரெஞ்சுப் போர்முனையில் வீழ்ந்தார். அப்போது இயானுக்கு ஒன்பது வயது நிரம்பவில்லை. அண்ணன் பீட்டர் இளமையிலேயே பயண நூலாசிரியராகப் புகழ் பெற்றார். தம்பியின் நிலை வேறு. ஈட்டன் பள்ளியில் விளையாட்டு வீரராக ஒளிர்ந்தவர், சாண்ட்ஹர்ஸ்ட் இராணுவக் கல்லூரியைப் பாதியில் விட்டார். அயலுறவுத் துறைத் தேர்வில் வெற்றி பெறவில்லை. ராய்ட்டர் செய்தி நிறுவனத்தில் சேர்ந்து, 1933இல் மாஸ்கோவில் பிரிட்டிஷ் பொறியாளர்கள் மீது நடந்த வழக்கைப் பற்றிச் செய்தி அனுப்பினார். பின்னர் பங்குத் தரகரானார்.

1939இல் அவருக்கு ஏற்ற பணி வாய்த்தது. கடற்படை உளவுத்துறை இயக்குநர் ஜான் காட்ஃப்ரியின் தனி உதவியாளராக அமர்ந்து, கமாண்டர் நிலைக்கு உயர்ந்தார். பிற்காலப் பாண்டின் பதவியும் அதுவே. போர் முடிந்ததும் கெம்ஸ்லி செய்தித்தாள் நிறுவனத்தின் அயல்நாட்டுச் செய்திப் பிரிவை ஏற்றார். ஜமைக்காவில் கடலோரம் ஒரு வீடு கட்டி, போர்க்கால நடவடிக்கை ஒன்றின் பெயரான 'கோல்டன்ஐ' என்பதை அதற்கு வைத்தார். ஆண்டுதோறும் குளிர்காலத்தில் அங்குச் செல்வது வழக்கமாயிற்று. 1952இல், ஆன் சார்ட்டரிஸ் அம்மையாரை மணக்கவிருந்த நாட்களில், அங்கேதான் 'கசினோ ராயல்' எழுதப்பட்டது. 1953 ஏப்ரலில் வெளிவந்தது. நாயகனின் பெயரை மேற்கிந்தியப் பறவைகளைப் பற்றி நூல் எழுதிய அறிஞர் ஒருவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்.

நாவல்கள் விற்றன. எனினும் ஃபிளெமிங்கின் வேட்கை திரையின் மீதே இருந்தது. 'கசினோ ராயல்' படவுரிமையை 1955இல் ஆறாயிரம் டாலருக்கு விற்றார். தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்காக எழுதிய கதை பயன்படாமற்போக, அதையே 'டாக்டர் நோ' நாவலாக்கினார். கைவிடப்பட்ட வேறு தொலைக்காட்சிக் கதைகள் 1960இல் சிறுகதைகளாயின. எழுதியதை வீணாக்காத இந்தச் சிக்கனத்தில் எவரும் குறை காண முடியாது. அவை அவருடைய சொந்தக் கைச்சரக்குகள்.

1959இல் நண்பர் ஐவர் பிரைஸ், அயர்லாந்துத் திரைப்பட ஆர்வலர் கெவின் மெக்ளோரி ஆகியோருடன் கூடி, நேரடியாகத் திரைக்கென்றே ஒரு பாண்ட் கதையை உருவாக்க முற்பட்டார். கடலடிக் காட்சிகள் நிறைந்த படம் என்பது திட்டம். ஜாக் விட்டிங்ஹாம் என்னும் தேர்ந்த திரைக்கதையாசிரியரும் சேர்ந்தார். வரைவு பல முறை மாறியது; பணம் திரளவில்லை. 1960இன் தொடக்கத்தில் வழக்கம்போல் ஜமைக்கா சென்ற ஃபிளெமிங், அக்கதையையே 'தண்டர்பால்' நாவலாக எழுதினார். பழைய பழக்கந்தான், ஆனால் இம்முறை சரக்கு அவருடையது மட்டும் அன்று. நூலில் மற்ற இருவர் பெயரும் இல்லை.

1961 மார்ச்சில், நூல் வெளிவரும் தறுவாயில், மெக்ளோரியும் விட்டிங்ஹாமும் நீதிமன்றத்தை நாடினர். வெளியீடு தடுக்கப்படவில்லை, வழக்குக்கு வழி திறந்தே இருந்தது. அடுத்த மாதமே ஃபிளெமிங்குக்கு மாரடைப்பு வந்தது. ஓய்வில் படுத்திருந்தபோது மகன் காஸ்பருக்காக மாயக் காரைப் பற்றிய குழந்தைக் கதையொன்றை எழுதினார். அவ்வாண்டே தயாரிப்பாளர்கள் ப்ராக்கலி, சால்ட்ஸ்மன் ஆகியோர் பாண்ட் கதைகளைப் படமாக்க முன்வந்தனர். முதலில் எடுக்க எண்ணியது 'தண்டர்பால்'தான். வழக்கு குறுக்கிட்டதால் 1962இல் 'டாக்டர் நோ' முந்திக்கொண்டது.

1963 நவம்பர் 20 அன்று இலண்டன் உயர்நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியது. விட்டிங்ஹாம் அதற்கு முன்பே வழக்கிலிருந்து விலகியிருந்தார். சில நாட்களிலேயே சமரசம் ஏற்பட்டது. படவுரிமை மெக்ளோரிக்குச் சென்றது. நாவலின் பிற்பதிப்புகளில் அது மூவரின் திரைக்கதையை அடிப்படையாகக் கொண்டது என்று அச்சிடவும் உடன்பாடாயிற்று. ஏற்கெனவே தளர்ந்திருந்த ஃபிளெமிங் அதன் பின் ஓராண்டுகூட வாழவில்லை. 1964 ஆகஸ்ட் 12 அன்று, ஐம்பத்தாறாம் வயதில், காண்டர்பரியில் காலமானார். அன்று காஸ்பருக்குப் பன்னிரண்டாம் பிறந்தநாள். 'கோல்ட்ஃபிங்கர்' படம் அடுத்த மாதம் வெளிவந்து உலகெங்கும் பெருவெற்றி கண்டதை அவர் காணவில்லை.

மெக்ளோரி, ப்ராக்கலி தரப்பினரோடு இணைந்து 1965இல் 'தண்டர்பால்' படத்தைத் தயாரித்தார். அடுத்த பத்தாண்டுகள் அதை மீண்டும் எடுப்பதில்லை என்று ஒப்பினார். அக்காலம் கடந்தபின் அவருடைய உரிமையின் வழியே உருவானதுதான் 1983ஆம் ஆண்டுப் படம். ஒரே கதை இருமுறை திரைக்கு வந்த விதம் இதுதான். 'ஸ்பெக்டர்' என்னும் சதிக்கூட்டத்தின் பெயரும் தகராறுக்குட்பட்டதால், மூலத்தொடரின் படங்களில் அப்பெயர் பல்லாண்டுகள் ஒலிக்கவில்லை. மெக்ளோரி 2006இல் மறைந்தார். 2013இல் உரிமைகள் மூலத்தொடரின் உரிமையாளர்களிடம் சேர்ந்தன. 2015இல் அப்பெயரே ஒரு படத்தின் தலைப்பாயிற்று.

பாண்டுக்கு உயிர் தந்தவர் ஃபிளெமிங்கே என்பதில் ஐயமில்லை. பலர் கூடி நெய்த ஆடையைத் தனியொருவர் நெய்ததாக விரித்ததே அவர் செய்த பிழை. இழையில் தம் பங்கு உண்டென்று கூட நின்றவர்கள் சொன்னபோது, அந்த உரிமையைப் பெயரிட்டு ஒப்புவதற்கு ஒரு வரி போதுமானதாக இருந்திருக்கும். அந்த வரி முதற்பதிப்பிலேயே இடம்பெற்றிருந்தால் வழக்கு மூண்டிராது. அவருடைய இறுதி ஆண்டுகளில் சற்றே அமைதியும் இருந்திருக்கலாம். இவ்விரு படங்களின் ஒற்றுமையை எண்ணி வியப்போர், விட்டுப்போன அந்த ஒரு வரியையும் நினைவில் கொள்வது தகும்.