ஒற்றைத் துப்பாக்கியின் விலை

கையிலிருக்கும் பணத்துக்கு ஒரே ஒரு துப்பாக்கிதான் வாங்க முடியும். அது உணவுக்குப் பறவை வீழ்த்த வேண்டும். பனிக்காலத்தில் மான் வேட்டைக்கு உதவ வேண்டும். கோழிகளைக் கவர வரும் நரியை விரட்ட வேண்டும். அண்டை வீடு கண்ணுக்கு எட்டாத பண்ணையில், இரவில் குடும்பத்துக்குக் காவலாகவும் இருக்க வேண்டும். எதை வாங்குவது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் குடியேறிய குடும்பங்கள் பலவற்றின் முன் நின்ற கேள்வி இது.

பொருளியல் பயின்றவர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கமானது. வருவாய்க்கு எல்லை உண்டு; தேவைகளுக்கு இல்லை. பல தேவைகளை ஒரே பொருள் நிறைவேற்றுமானால் ஏழைக்கு அதுவே மலிவான பொருள். துப்பாக்கியோடு எனக்குள்ள உறவு, கல்லூரி நாள்களில் தேசிய மாணவர் படையில் இலக்கு நோக்கிச் சுட்ட சில தோட்டாக்களோடு முடிந்துவிட்டது. ஆயினும், கண்டுபிடிப்புக்கு விலை எவ்வாறு நிர்ணயிக்கப்படுகிறது என்ற பாடத்தை நடத்தும்போதெல்லாம் துப்பாக்கி வடிவமைத்த ஒருவரின் வாழ்க்கையைத்தான் மாணவர்களுக்குச் சொல்லிவந்தேன். அவர் ஜான் மோசஸ் பிரௌனிங்.

1855 ஜனவரி 23 அன்று, அப்போது மாநிலமாக ஆகியிராத யூட்டா பகுதியின் ஆக்டன் நகரில் பிறந்தார் பிரௌனிங். தந்தை ஜோனதன் பிரௌனிங் துப்பாக்கி செய்யும் கொல்லர். மார்மன் சமயத்தைத் தழுவி, அச்சமயத்தாரோடு ஊர் ஊராக இடம்பெயர்ந்து, 1852-இல் யூட்டாவை அடைந்தவர். மூன்று மனைவியரும் 22 மக்களும் கொண்ட பெருங்குடும்பம் அவருடையது. பட்டறையில் வேலைக்குக் குறைவில்லை, வரும்படிதான் குறைவு.

பத்து வயதுச் சிறுவனாக இருந்தபோது பிரௌனிங் தன் முதல் துப்பாக்கியைச் செய்ததாக அக்குடும்பத்தார் சொல்லி வந்தனர். குப்பையில் கிடந்த பழைய குழல், கோடரியால் செதுக்கிய மரக்கட்டை, சுற்றிக் கட்டக் கம்பி, இவ்வளவுதான் மூலப்பொருள். விசை கிடையாது. தகர டப்பாவில் தணல் எடுத்துச் சென்று, தம்பி மேட் நெருப்பு வைக்க, அண்ணன் குறி பார்த்தான். ஒரே வெடியில் மூன்று புல்வெளிக் கோழிகள் விழுந்தன. மறுநாள் காலை உணவு அதுதான். தந்தை பறவைகளைப் பாராட்டவில்லை. பத்து வயதுப் பையன் இதைவிட நன்றாகச் செய்திருக்க வேண்டும் என்று கருவியைக் குறைகூறினார். ஏறத்தாழ 15 வயதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. அதன்பின் பட்டறையே அவருக்குப் பல்கலைக்கழகம்.

அந்த மூன்று கோழிகள் ஒரே வெடியில் விழுந்ததற்குக் காரணம், குழலுக்குள் ஒற்றைக் குண்டுக்குப் பதில் ரவைகள் இருந்தமைதான். ஷாட்கன் என்று வழங்கும் துப்பாக்கியின் அடிப்படை இதுவே. ரைஃபிளின் குழலுக்குள் திருகுத் தடங்கள் இருக்கும். ஷாட்கன் குழல் வழவழப்பானது. அதன் தோட்டாவில் பறவைக்கு நூற்றுக்கணக்கான பொடி ரவைகளை இடலாம். மானுக்கு எட்டு, ஒன்பது பெரிய ரவைகளை இடலாம். தேவையெனில் ஒற்றைக் குண்டையும் இடலாம். துப்பாக்கி மாறுவதில்லை, தோட்டா மாறினால் பணி மாறுகிறது. நம் ஊரிலும் உரிமத் துப்பாக்கி வைத்திருப்போர் 12 போர் என்று சொல்வதைக் கேட்டிருப்போம். அந்தக் குழலின் விட்டத்துக்கு ஈய உருண்டைகள் செய்தால், ஒரு பவுண்டு எடைக்குப் பன்னிரண்டு நிற்கும் என்பதே அதன் பொருள்.

ஒரே துப்பாக்கி வாங்கக் கூடியவர்களுக்கு ஷாட்கன் ஏற்றது என்பது பிரௌனிங்குக்கு முன்பே தெரிந்த செய்தி. தடை விலையில் இருந்தது. அக்காலத்தின் நல்ல ஷாட்கன் இரட்டைக்குழல் துப்பாக்கி. இரண்டு குழல்களும் ஒரே இலக்கில் சுடுமாறு அவற்றை இணைத்துப் பற்றவைக்கத் தேர்ந்த கைவினைஞர் வேண்டும். இரண்டு வெடிகளுக்குப் பின் மீண்டும் தோட்டா இடவும் வேண்டும். ஒரே குழலும், அதற்கடியில் வரிசையாகத் தோட்டாக்களும், இயந்திரங்கள் அச்சுப்போல் வெட்டித் தரும் உறுப்புகளும் இருந்தால் செலவு குறையும், வெடிகளும் கூடும். பிரௌனிங் நடந்த வழி இது.

தந்தை மறைந்த 1879-ஆம் ஆண்டில், ஒரு தோட்டா மட்டும் இடும் ரைஃபிளுக்கு அவர் முதல் காப்புரிமையைப் பெற்றார். சகோதரர்கள் சேர்ந்து ஆக்டனில் சிறு தொழிற்கூடம் அமைத்தனர். அவர்கள் செய்த ரைஃபிள் ஒன்று வின்செஸ்டர் நிறுவனத்தின் கண்ணில் பட்டது. 1883-இல் அதன் நிர்வாகி டி.ஜி. பென்னெட் நாட்டின் கிழக்குக் கோடியிலிருந்து ஆக்டனுக்கே வந்து, 8,000 டாலர் கொடுத்து உரிமையை வாங்கினார்.

அடுத்த இரு பத்தாண்டுகளுக்குள் பிரௌனிங்கின் 44 வடிவங்களை வின்செஸ்டர் விலைக்கு வாங்கியது. அவற்றுள் உற்பத்திக்கு வந்தவை பத்து மட்டுமே. எஞ்சியவை போட்டியாளர் கைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகவே வாங்கிப் பூட்டி வைக்கப்பட்டவை. காப்புரிமை புதுமையை வளர்க்கவும் செய்யும், புதைக்கவும் செய்யும் என்று மாணவர்களுக்கு விளக்க இதைவிடச் சிறந்த சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

பலமுறை சுடும் ஷாட்கன் ஒன்றை வின்செஸ்டர் கேட்டபோது, முன்கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளும் முறையே ஷாட்கனுக்குப் பொருந்தும் என்று பிரௌனிங் எண்ணினார். நிறுவனமோ, தன் அடையாளமாகிவிட்ட நெம்புகோல் முறையையே விரும்பியது. அவ்வாறே 1887-ஆம் ஆண்டின் மாதிரி வந்தது. பத்தாண்டுகளில் பிரௌனிங்கின் கருத்தே வென்றது. இழுத்துத் தள்ளும் முறையில் அமைந்த 1897-ஆம் ஆண்டின் மாதிரியை இரண்டாகக் கழற்றி எடுத்துச் செல்லலாம். புகையில்லா வெடிமருந்தின் அழுத்தத்தையும் அது தாங்கும். அலங்காரமற்ற துப்பாக்கி 25 டாலர். செதுக்கு வேலைப்பாடு கொண்டது 100 டாலர். இரண்டிலும் இயங்கும் உறுப்புகள் ஒன்றே. அதிகப்படியான 75 டாலர் அழகுக்கான விலை. 1957 வரை உற்பத்தியிலிருந்த அந்தத் துப்பாக்கி பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. பிற்காலத்தில் ஸ்டீவன்ஸ் நிறுவனத்துக்கு அவர் தந்த வடிவம் இன்னும் எளிய விலையில், தபால் வழி வணிக நிறுவனங்களின் பெயர் பொறித்தும் சிற்றூர்களைச் சென்றடைந்தது.

அவர் வாழ்க்கையின் திருப்பம், தானியங்கி ஷாட்கனில் நேர்ந்தது. சுடும்போது தோளில் இடிக்கும் விசையையே வேலை வாங்கி, வெற்றுத் தோட்டாவை வெளியேற்றி அடுத்ததை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி அது. மென்மையான தோட்டாவுக்கும் வலிய தோட்டாவுக்கும் ஏற்ப ஓர் உராய்வு வளையத்தை இடம் மாற்றி வைத்தால் போதும். பின்னாளில் ஆட்டோ-5 என்று பெயர் பெற்ற இத்துப்பாக்கியைத் தம் மிகச் சிறந்த படைப்புகளுள் ஒன்றாகப் பிரௌனிங் கருதினார். எனவே, இம்முறை மொத்த விலைக்கு விற்க அவர் உடன்படவில்லை. விற்கும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் உரிமைத்தொகை கேட்டார்.

வின்செஸ்டர் காலம் தாழ்த்தியது, இறுதியில் மறுத்தது. மறுப்பின் காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஒருவருக்கு உரிமைத்தொகை கொடுத்தால் அதுவே வழக்கமாகிவிடும். புதிய துப்பாக்கி வென்றால் தன் சொந்தச் சரக்கே விலைபோகாது. பிரௌனிங் அதை எடுத்துக்கொண்டு ரெமிங்டன் நிறுவனத்தை நாடினார். 1902 ஜனவரியில், அதன் தலைவர் மார்செல்லஸ் ஹார்ட்லியைச் சந்திக்க அலுவலகத்தில் அவர் காத்திருந்த வேளையில், ஹார்ட்லி மாரடைப்பால் இறந்த செய்தி வந்தது. வேறொருவராயின் ஊர் திரும்பியிருப்பார். பிரௌனிங் கப்பலேறினார். பெல்ஜியத்தின் லியேஜ் நகரையடுத்த ஹெர்ஸ்டாலில் இயங்கிய ஃபாப்ரிக் நாசியோனால் நிறுவனம் அவர் கேட்ட உடன்பாட்டைத் தந்தது. தம் பொறுப்பிலேயே 10,000 துப்பாக்கிகளுக்கு அவர் ஆணை கொடுத்து, அமெரிக்காவில் விற்றுத் தீர்த்தார். பின்னர் இறக்குமதித் தீர்வை குறுக்கே நின்றதால், அமெரிக்க உற்பத்திக்கான உரிமம் ரெமிங்டனுக்கே சென்றது. வின்செஸ்டரோ, பிரௌனிங்கின் காப்புரிமைகளை மீறாத ஒரு தானியங்கி ஷாட்கனைச் செய்து முடிக்க 1911 வரை பாடுபட வேண்டியதாயிற்று. ஆட்டோ-5 இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை உற்பத்தியில் இருந்தது. 20 லட்சத்துக்கும் மேல் விற்றது.

உரிமைத்தொகைக்காக 19 ஆண்டு உறவையே முறித்துக்கொண்ட அதே மனிதர், முதல் உலகப் போரில் அமெரிக்க அரசு தம் இயந்திரத் துப்பாக்கிகளுக்கும் கைத்துப்பாக்கிக்கும் மொத்தமாக 7,50,000 டாலர் தர முன்வந்தபோது பேரம் பேசாமல் ஏற்றுக்கொண்டார். வழக்கமான உரிமைத்தொகையைக் கணக்கிட்டிருந்தால் அது ஒரு கோடி டாலரைத் தாண்டியிருக்கும். நியாயமான விலை என்பது யாரிடம், எப்போது கேட்கிறோம் என்பதையும் பொறுத்தது என்று அவர் கருதினார் போலும்.

அவருடைய கடைசி ஷாட்கன், ஒன்றன்மேல் ஒன்றாகக் குழல்கள் அமைந்த இரட்டைக்குழல் துப்பாக்கி. பணக்காரர்களின் தனியுடைமையாக இருந்த அந்த வகையை நடுத்தர வேட்டைக்காரரின் கைக்கும் எட்டச் செய்வதே நோக்கம். 1926 நவம்பர் 26 அன்று ஹெர்ஸ்டாலில், வேலை செய்துகொண்டிருந்தபோதே இதயம் நின்று, தம் 71-ஆம் வயதில் அவர் காலமானார். எஞ்சிய பணியை மகன் வால் நிறைவு செய்தார். துப்பாக்கி சந்தைக்கு வந்தபோது பெருமந்தம் நிலவியது. நடுத்தர வர்க்கத்தின் கையில் பணமில்லை.

இந்த இடத்தில் பாடத்தை முடித்துவிடுவது என் வழக்கமாக இருந்தது. ஓராண்டு, பின்வரிசையில் இருந்த மாணவி ஒருவர் எழுந்து, இந்தக் கணக்கில் செத்தவர்களின் பங்கு எங்கே வருகிறது என்று கேட்டார். வகுப்பு அமைதியானது. புறச்செலவு என்ற பாடநூல் சொல்லைச் சொல்லிச் சமாளித்தேன். அது விடையன்று என்பது அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். வாத்து வேட்டைக்குப் பிறந்த 1897-ஆம் ஆண்டின் துப்பாக்கி, குழல் குறுக்கப்பட்டு முதல் உலகப் போரின் பதுங்கு குழிகளுக்குச் சென்றது; ஜெர்மனி அதை எதிர்த்து முறையிடும் அளவுக்கு அங்கே பயன்பட்டது. 1914-இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரை வீழ்த்திப் போருக்குப் பொறியிட்டதும் பிரௌனிங் வடிவமைத்த கைத்துப்பாக்கியே. நம் படையினரிடம் நெடுங்காலம் இருந்த 9 மி.மீ. கைத்துப்பாக்கிகூட அவர் தொடங்கிவைத்த வடிவத்தின் வழிவந்ததுதான். பல பணிகளுக்கு உதவும் கருவி, அதைப் படைத்தவர் நினைத்த பணிகளோடு நின்றுவிடுவதில்லை.

வீட்டுக் காவல் என்ற தேவையிலும் இதே சிக்கல் உண்டு. அண்டை அயலும் காவல் நிலையமும் இல்லாத பண்ணையில் ஷாட்கன் ஒரு துணை. ஆனால், அயலவர் முதலில் எட்டும் துப்பாக்கி அன்று. வீட்டார் முதலில் எட்டும் துப்பாக்கி அது. அமெரிக்காவில் இன்று துப்பாக்கியால் நேரும் மரணங்களில் பாதிக்கும் மேற்பட்டவை தற்கொலைகள். துப்பாக்கியின் விலையில் பூட்டிவைக்கும் பெட்டியின் விலையையும், பயிற்சிக்கான காலத்தையும், வீட்டிலுள்ள குழந்தையின் வயதையும் சேர்த்துக் கணக்கிடாதவர், மலிவாக வாங்கியதாக எண்ணிக்கொள்கிறார், அவ்வளவுதான்.

இதற்காகப் பிரௌனிங்கைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் விரும்பவில்லை. ஏழைக்கு எட்டும் விலையில் ஏமாற்றாத கருவியைச் செய்தவர் அவர். தம் உழைப்புக்குரிய பங்கைப் பெருநிறுவனத்திடம் நிமிர்ந்து நின்று கேட்டவர். 128 காப்புரிமைகளைப் பெற்ற அந்தக் கைகளில் கடைசிவரை பட்டறைக் கரி இருந்தது. ஆனால், கண்டுபிடித்தவரின் பங்கு, உற்பத்தியாளரின் பங்கு, வாங்குபவரின் ஆதாயம் என்று மூன்றாகப் பிரித்து முடிகிற கணக்கில் அந்த மாணவி சுட்டிய நான்காவது பங்குக்கு இடமில்லை. அதைச் சந்தை கணக்கிடுவதில்லை; சட்டமும் சமூகமும்தான் கணக்கிட வேண்டும்.

ஓய்வுபெற்ற பின் வகுப்பெடுக்கும் வாய்ப்பு எனக்கு இல்லை. இருந்திருந்தால், தணல் டப்பாவோடு நடந்த இரு சிறுவர்களையும் மூன்று பறவைகளையும் முன்போலவே சொல்லியிருப்பேன். பாடத்தை மட்டும் அந்த மாணவியின் கேள்வியிலிருந்து தொடங்கியிருப்பேன்.