சட்டசபையில் ஒலித்த சேரியின் குரல்

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் (வேதியியல்) மாணவர்

இன்று நாம் பொதுச் சாலையில் நடக்கிறோம். தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கிறோம். தாலுகா அலுவலகப் படியேறிச் சென்று விண்ணப்பம் கொடுக்கிறோம். இவையெல்லாம் உரிமைகள் என்று எண்ணிப் பார்ப்பதுகூட இல்லை. நூறாண்டுகளுக்கு முன் நம் மக்களுள் பெரும்பகுதியினருக்கு இவற்றைச் சட்டசபையில் எழுந்து நின்று கேட்டுப் பெற வேண்டியிருந்தது. அவ்வாறு கேட்டவர்களுள் முன்னணியில் நின்றவர் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன் ஆவார்.

செங்கல்பட்டுச் சீமையில் கோழியாளம் என்னும் சிற்றூரில் 1860ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர் இவர். பெயரைக் கேட்போர் இரட்டைமலை என்பது ஏதோ ஊர் என்று நினைக்கலாம்; அது அவருடைய தந்தையாரின் பெயர். பிழைப்பை நாடிக் குடும்பம் தஞ்சைக்கும் பின்னர் கோவைக்கும் இடம் பெயர்ந்தது. கோயமுத்தூர்க் கலாசாலையில் இவர் பயின்றபோது ஏறத்தாழ 400 மாணவர்கள் இருந்தனர். பத்துப் பேர் நீங்கலாக மற்றையோர் அனைவரும் பிராமணர்கள். தம் சாதி தெரிந்தால் இழிவாக நடத்துவார்களே என்று அஞ்சிய சீனிவாசன், வெளியே எங்கேனும் இருந்து படித்துவிட்டு, மணியடித்த பிறகே வகுப்புக்குள் நுழைவாராம். வகுப்பு முடிந்ததும் யாரும் உடன் வந்துவிடாதபடி விரைந்து நடந்து வீடு சேர்வாராம். விளையாட ஆசை இருந்தும் விளையாடியதில்லை. இந்தப் பகுதியைப் படித்தபோது என்னால் உடனே அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் நம்மில் பலர், அப்பாவின் தொழில் என்ன என்ற கேள்விக்குத் தயங்கித் தயங்கி விடை சொல்லியிருப்போம். ஆயினும் நம் தயக்கமும் அவர் அச்சமும் ஒன்றல்ல.

நீலகிரியில் கணக்கராக வேலை பார்த்துவிட்டு, 1890இல் சென்னை வந்தார். மறு ஆண்டே பறையர் மகாஜன சபையை நிறுவினார். 1893இல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே இதழ் தொடங்கினார். சாதியை மறைத்து வேக வேகமாக நடந்த அந்த மாணவர், அதே சாதிப் பெயரைப் பத்திரிகையின் நெற்றியில் அச்சிட்டார் என்பது எத்துணை பெரிய மாற்றம்! அதே ஆண்டில், ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தலாகாது என்று 112 அடி நீளமுள்ள மனுவில் 3,412 பேரிடம் கையெழுத்துப் பெற்று இங்கிலாந்துக்கு அனுப்பினார். இது தேசத்துக்கு எதிரான செயல் எனச் சிலருக்குத் தோன்றக்கூடும். ஆனால் இங்கே தேர்வு நடந்தால் உயர்சாதியினரே அதிகாரிகளாக வருவர், ஏழைகளின் கதி மேலும் மோசமாகும் என்பது அவர் கணிப்பு. அன்றைய கலாசாலைகளின் நிலையை நேரில் கண்டவர் வேறு எப்படிக் கணிப்பார்?

பின்னர் தென்னாப்பிரிக்கா சென்று நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். காந்தியடிகளுடன் பழகியதும் அங்கேதான்.

தாயகம் திரும்பியபின் 1923இல் சென்னைச் சட்டசபை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அப்போது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. தாழ்த்தப்பட்டோர் சார்பில் அவையில் இருந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். அவர்களும் நியமன உறுப்பினர்களே. வாக்குகளின் எண்ணிக்கையால் எதையும் வெல்ல முடியாது. வாதத்தால் மட்டுமே முடியும். சீனிவாசன், ஆர். வீரையன் முதலியோரின் முயற்சியால் 1924 ஆகஸ்டில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் பொதுச் சாலையிலும் தெருவிலும் நடக்கலாம். பொதுக் கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றைத் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். செப்டம்பர் 25ஆம் நாள் அது அரசாணையாயிற்று. அண்டையிலிருந்த திருவிதாங்கூரில், கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்காக வைக்கம் சத்தியாக்கிரகம் நடந்துகொண்டிருந்த ஆண்டும் அதுவே. ஆணை பிறந்த மறுநாளே தெருக்கள் திறந்துவிடவில்லை. ஆனால் அதுவரை வழக்கம் என்று சொல்லித் தடுத்தவர்கள், அதன்பின் அரசின் ஆணைக்கு எதிராகத் தடுப்பவர்கள் ஆயினர். தடுக்கப்பட்டவன் கையில் காட்டுவதற்கு ஒரு காகிதமாவது கிடைத்தது. அதன் அருமை கிராமத்தில் வாழ்ந்தவர்களுக்கே நன்கு விளங்கும்.

1930, 1931ஆம் ஆண்டுகளில் இலண்டன் வட்டமேசை மாநாடுகளுக்கு டாக்டர் அம்பேத்கருடன் சென்றார். மன்னர் ஐந்தாம் ஜார்ஜைச் சந்தித்தபோது, தாம் தீண்டத்தகாதவர் எனக் கூறிக் கைகுலுக்கத் தயங்குவதுபோல் நின்று, தீண்டாமையின் கொடுமையை விளக்கினார் என்பர். தனித்தொகுதியே அவரது கோரிக்கை. ஆனால் காந்தியடிகளின் உண்ணாவிரதத்தை அடுத்து 1932 செப்டம்பரில் உருவான பூனா ஒப்பந்தத்தில் அவரும் கையொப்பமிட்டார். அதன்படி மாகாணச் சட்டசபைகளில் 148 இடங்கள் ஒதுக்கப்பட்டன. சென்னை மாகாணத்துக்கு மட்டும் 30. நியமனத்தால் கிடைத்த ஓரிரு நாற்காலிகள் எங்கே, தேர்தலில் நின்று பெறும் முப்பது எங்கே!

1936இல் திவான் பகதூர் பட்டம் பெற்றார். 1939இல் ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்னும் சிறு நூலில் தம் வாழ்வை எழுதி வைத்தார். 1945 செப்டம்பர் 18ஆம் நாள் சென்னையில் காலமானார்.