அந்தகக்கவி வீரராகவ முதலியார்: குறியும் பொருளும்

தொண்டை நாட்டிலே, செங்கற்பட்டிற்கு அணித்தாகிய பொன்விளைந்தகளத்தூரைச் சார்ந்த பூதூரில், வடுகநாத முதலியார்க்கு மகனாராகத் தோன்றியவர் வீரராகவ முதலியார். அவர் காலம் கி.பி. 17ஆம் நூற்றாண்டு என்பர். நளவெண்பா இயற்றிய புகழேந்திப் புலவரையும் அக்களத்தூர்க்கு உரியராகக் கூறும் வழக்குண்டு. வீரராகவர்க்குப் பிறவியிலேயே கண்ணொளி இல்லை. அதுபற்றியே அந்தகக்கவி என்னும் பெயர் நிலைத்தது.

அவர்தம் முதுகில் எழுத்துக்களை வரைந்து காட்டியே கல்வி புகட்டினர் என்பது செவிவழி வரலாறு. எழுத்திற்கு ஒலிவடிவு, வரிவடிவு என இரண்டு கூறும் நம் இலக்கணம். வரிவடிவு ஒலிக்குக் குறியேயாம். அக்குறி கண்வழிப் புகினும் மெய்வழிப் புகினும் குறிக்கப்படுவது ஒன்றே. இவ்வுண்மையை நாம் நூலிற் கற்கின்றோம். அவரோ தம் மெய்யிற் கற்றார்.

பின்னர் ஊர்தொறுஞ் சென்று பாடிப் பரிசில் பெற்றார். ஈழத்தரசன் அவையிலும் சிறப்புற்றார் என்பர். மாமல்லபுரத்திற்குத் தெற்கே கடற்கரைக்கு அண்மையதாகிய சேயூர் முருகன்மீது பிள்ளைத்தமிழும், திருவாரூர்ப் பெருமான்மீது உலாவும், திருக்கழுக்குன்றத்திற்குப் புராணமும் அவர் பாடியனவாம்.

உலா என்பது காட்சியையே உயிராகக் கொண்ட நூல். இறைவன் வீதியில் எழுந்தருள, பேதை முதற் பேரிளம்பெண் ஈறாக எழுபருவத்து மகளிரும் கண்டு காதலிப்பதே அதன் பொருள். பவனியைக் கண்ணாற் காணாதார் அதனைப் பாடியது எங்ஙனம்? ஈண்டு மகளிர் என்றது உயிர்களை. எழுபருவம் என்றது அவற்றின் பக்குவ வேறுபாட்டை. காதல் என்றது திருவடி வேட்கையை. இவ்வாறு கொள்வார்க்கு வியப்பொன்றும் இல்லை. கண் இருப்பினும் ஞாயிற்றின் ஒளியும் உயிரின் அறிவும் கூடாதவழிக் காட்சி நிகழாது. அவ்வாறே உயிர் இறைவனை அறிதற்குக் காட்டும் உபகாரமும் காணும் உபகாரமும் அவனருளே என்பது சித்தாந்தம்.

இதுபற்றி அவர் குருட்டை ஆணவ இருளுக்கு உவமையாக்குதல் பிழை. ஊனக்கண் இழத்தல் உடற்குறை. ஆணவமோ கண்ணுடையார்க்கும் உளது. குறியாகாத ஒன்றைக் குறியாக்குதல், குறியையே பொருளெனக் கொள்ளுதலை ஒத்த குற்றமாம்.

கழுக்குன்றத்தில் வேதங்களே மலையாயின என்பது தலவரலாறு. மலையைக் கண்டு மீள்வார் பயன் பெறார். ஏறி முடிமேல் உள்ளானை வணங்குவாரே பெறுவர். வேதம் ஓதுதலும் அத்தகையதே. சாபத்தாற் கழுகுருவுற்றோர் அங்கு வழிபட்டு உய்ந்தனர் என்பதும், வினையால் உடம்புற்ற உயிர் அருளால் வீடுறுதலை உணர்த்தும். நண்பகலில் இரு கழுகுகள் வந்து அமுதுண்ணும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டின் இறுதிப்பகுதி வரை நிகழ்ந்து பின் ஒழிந்தது. பறவை வரவையே பொருளெனக் கொண்டார் புராணம் பொய்த்ததோ என மயங்குவர். அது குறித்த பொருளைப் பற்றினார்க்கு அம்மயக்கம் இல்லை.

ஆதலின் அன்பர்கள் அப்புலவர் பெருமான் நூல்களை இந்நெறியில் ஓதிப் பயன் பெறுவார்களாக.