தலையெழுத்தை ஏற்காத ரோம் துறவி: யார் இந்த தத்துவ போதகர்?

பெருந்துறை பக்கம் கல்யாணமோ கடை திறப்போ, முதல்ல ஜாதகத்தை எடுத்துட்டுப் போறவங்க நிறைய பேர். காரியம் கைகூடலைன்னா, எல்லாம் தலையெழுத்து என்று மனதைத் தேற்றிக்கொள்வார்கள். கிறிஸ்தவ நம்பிக்கைக்குள்ளும் இதற்கு நெருக்கமான ஒரு சிக்கல் உண்டு. நடக்கப்போவது அத்தனையும் கடவுளுக்கு முன்பே தெரியும் என்றால், மனிதன் செய்யும் தப்புக்கு யார் பொறுப்பு?

சுமார் 400 ஆண்டுகளுக்கு முன், வினை, மறுபிறப்பு பற்றித் தமிழிலேயே வாதிட்ட ஐரோப்பியர் ராபர்ட் டி நொபிலி. தமிழில் அவர் பெயர் தத்துவ போதகர்.

ரோமில் இருந்து மதுரைக்கு

1577-ல் ரோமில், உயர்குடிக் குடும்பத்தில் பிறந்தவர் நொபிலி. வீட்டின் எதிர்ப்பை மீறி இயேசு சபையில் சேர்ந்தார். அப்போது ஐரோப்பாவில் மேலே சொன்ன கேள்விதான் சூடான விவாதம். கடவுளின் முன்னறிவும் மனித சுதந்திரமும் ஒன்றாக நிற்க முடியும் என்று, அதே சபையின் மொலினா 1588-ல் நூல் எழுதினார். இது கடவுளின் அதிகாரத்தைக் குறைப்பதாக டொமினிக்கன் சபையினர் எதிர்த்தனர். 1607-ல் போப் ஐந்தாம் பவுல், இரு தரப்பையும் கண்டிக்காமல் விவாதத்தை முடித்து வைத்தார்.

அதற்கு முந்தைய ஆண்டே நொபிலி மதுரைக்கு வந்துவிட்டார். காவி உடுத்தி, சைவச் சாப்பாட்டுக்கு மாறி, தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதமும் கற்றார். கடவுளுக்கு அவர் பயன்படுத்திய சொல் சர்வேசுரன். எல்லாவற்றுக்கும் மேலான அதிகாரம் ஒருவருக்கே என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

தெரிவது வேறு, செய்ய வைப்பது வேறு

புனர்ஜென்ம ஆக்ஷேபம் என்ற நூலில் மறுபிறப்புக் கொள்கையை நொபிலி மறுத்தார். முற்பிறவி என்று ஒன்று இல்லை என்றால், இன்றைய வாழ்க்கையை முன்வினை தீர்மானிக்கவும் முடியாது. சரி, கடவுளின் முன்னறிவு மட்டும் தீர்மானிக்காதா? 13-ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் அக்வினாஸ் இதற்கு ஒரு விளக்கம் தந்திருந்தார். அதை நம்ம ஊர்க் கணக்கில் பார்க்கலாம். சென்னிமலை உச்சியில் நிற்பவருக்குக் கீழே சாலையில் முன்னால் போகும் பஸ்சும் பின்னால் வரும் பஸ்சும் ஒரே பார்வையில் தெரியும். அவர் பார்ப்பதால் எந்த பஸ்சும் திரும்பிவிடாது. ஸ்டியரிங் டிரைவர் கையில்தான்.

போப் வரை போன வழக்கு

நொபிலியின் வாழ்க்கை முறையை முதலில் எதிர்த்தவர், மதுரையில் அவருடன் இருந்த சக துறவி கொன்சாலோ பெர்னாண்டஸ். புகார் ரோம் வரை போனது. பூணூலும் குடுமியும் மத அடையாளமா, சமூக வழக்கமா என்பதே வழக்கு. சமூக வழக்கம்தான் என்றார் நொபிலி. 1619-ல் கோவாவில் கூடிய விசாரணையில் பெரும்பான்மையினர் அவருக்கு எதிராக நின்றனர். 1623-ல் போப் பதினைந்தாம் கிரகோரி, சில நிபந்தனைகளோடு அவற்றை அனுமதித்தார். அதே ஆண்டு நொபிலி வடக்கே பயணம் புறப்பட்டார். சேந்தமங்கலம் வழியாக சேலம் வரை, கொங்கு மண்ணிலும் அவர் பணி பரவியது.

பதில் கிடைக்காத இடம்

முற்பிறவி ஒருவரின் வாழ்க்கையைத் தீர்மானிக்காது என்று எழுதிய அதே மனிதர், பிறப்பால் வரும் சாதியை வெறும் சமூக வழக்கம் என்று விட்டுவிட்டார். மதம் மாறியவர்களும் சாதி வழக்கங்களைத் தொடர்ந்தார்கள். ஒடுக்கப்பட்ட மக்களிடம் பணியாற்ற, 1640 வாக்கில் பண்டார சாமிகள் என்ற தனித் துறவிகள் வந்தனர். அவர் மீதான பெரிய விமர்சனம் இன்றைக்கும் இதுதான். விதியை மறுத்தவர், விதியின் பெயரால் நியாயப்படுத்தப்பட்ட ஏற்றத்தாழ்வைத் தொடவில்லை.

1640-ல் மதுரையில் சிறைவாசம், பிறகு யாழ்ப்பாணம், கடைசியில் மயிலாப்பூர். பார்வை ஏறக்குறைய போய்விட்ட நிலையில், 1656 ஜனவரி 16 அன்று நொபிலி இறந்தார். தமிழ்க் கிறிஸ்தவத்தில் சாதி பற்றிய விவாதம் அவருக்குப் பின்னும் ஓயவில்லை.