ஆனந்தரங்கப் பிள்ளையும் அவர்தம் தினப்படிக் குறிப்பும்

நமது குலத்திற் பிறந்து புகழ்பெற்ற பெரியோர் பலருள், புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையவர்களின் பெயரை அறியாதார் சிலரே. துய்ப்ளே துரையின் துபாஷியாய் விளங்கியவர், பெருஞ்செல்வர், புலவர்களை ஆதரித்த வள்ளல் என்று அவரைப் போற்றுவது வழக்கம். இவையனைத்தும் உண்மையே. ஆயினும் அவர் நமக்கு விட்டுச்சென்ற பெருஞ்செல்வம் அவருடைய மாளிகையுமன்று, பட்டங்களுமன்று. ஒரு காரியத்தை ஏன் செய்தோம், ஏன் செய்யாது விட்டோம் என்பதை அன்றன்றே எழுதிவைத்த அவருடைய வழக்கமே அச்செல்வமாம். வியாபாரத்தையே பிழைப்பாகக் கொண்ட நம்மவர் இதனை ஆழ்ந்து நோக்குதல் நலம்.

பிள்ளையவர்கள் 1709-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சென்னையைச் சார்ந்த பெரம்பூரில் பிறந்தார். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை. அவருடைய மைத்துனரான நயினியப்ப பிள்ளை அக்காலத்தில் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் துபாஷியாக இருந்தார். அவருடைய அழைப்பின்பேரில் இக்குடும்பம் புதுச்சேரிக்குக் குடியேறிற்று. ஆனால் கவர்னர் எபேர் என்பவர் காலத்தில் நயினியப்ப பிள்ளையின்மீது குற்றஞ்சாட்டப்பட்டது. அவர் சொத்திழந்து சிறைப்பட்டு, 1717-இல் சிறையிலேயே உயிர் நீத்தார். அவர் மகன் குருவப்ப பிள்ளை பிரான்சு தேசம் சென்று முறையிட்டான். அத்தீர்ப்புத் தள்ளப்பட்டது. எனினும் மாண்டவர் மீண்டிலர்.

இந்நிகழ்ச்சி நடந்தபோது ஆனந்தரங்கர் சிறுவர். மாமனுக்கு நேர்ந்த கதியைக் கண்டும் கேட்டும் வளர்ந்தவர், அதிகாரிகளின் தயவு நிலையற்றது என்பதை இளமையிலேயே உணர்ந்திருப்பார் என்று எண்ணுவது பிழையாகாது.

1726-இல் தந்தையார் காலமானார். பதினேழு வயதிலேயே குடும்பபாரம் பிள்ளையவர்கள்மேல் வீழ்ந்தது. கவர்னர் லெனுவார் அவருடைய திறமையைக் கண்டு, பரங்கிப்பேட்டையிலிருந்த கும்பினிக் கிடங்கின் பொறுப்பை அவரிடம் ஒப்புவித்தார். அங்கே நீலத்துணி கொள்முதல் செய்வது அவருடைய முக்கியத் தொழில். லாலாப்பேட்டையிலும் ஆர்க்காட்டிலும் தம் சொந்தச் செலவில் கிடங்குகள் வைத்து, ஐரோப்பியச் சரக்கைக் கொடுத்து உள்நாட்டுச் சரக்கை வாங்கினார். ஆனந்தப் புரவி என்னும் கப்பலும் அவருக்கு உரியதாயிருந்தது.

1736-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அவர் தினப்படிக் குறிப்பு எழுதத் தொடங்கினார். கவர்னர் துய்மா ரூபாய் நாணயம் அடிக்கும் உரிமையை ஆர்க்காட்டு நவாபிடம் பெற்ற ஆண்டும் அதுவே. அன்றுமுதல் 1761 வரையில், இருபத்துநான்கு ஆண்டுகள் அவர் எழுதினார். இடையிடையே சில பகுதிகள் நமக்குக் கிடைக்காமற் போயின. கிடைத்தவற்றை நோக்கின் வியப்பே மேலிடுகின்றது. கப்பல் வரவு, துணியின் விலை, நெசவாளர்க்குக் கொடுத்த முன்பணம், யாருக்கு எவ்வளவு நஜர் கொடுத்தார் என்ற கணக்கு, நல்ல நேரம், சோதிடர் சொல், துரையுடன் தனியே பேசிய பேச்சு ஆகிய அனைத்தும் அதில் உண்டு. பிறர்க்குக் காட்டும்பொருட்டு எழுதப்படாமையால் நடையும் பேச்சு நடையே. பாரசீகம், தெலுங்கு, போர்த்துகீசு, பிரெஞ்சு முதலிய மொழிச் சொற்கள் அதில் கலந்து கிடக்கும்.

இக்குறிப்பின் தனிச்சிறப்பு யாதெனின், முடிவு தெரிவதற்கு முன்பே எழுதப்பட்டது என்பதேயாம். 1746 செப்டம்பரில் லபூர்தொனே என்னும் கடற்படைத் தலைவர் சென்னைப்பட்டணத்தைப் பிடித்தார். பதினொரு லட்சம் வராகன் மீட்புப்பணம் பெற்றுக்கொண்டு நகரை ஆங்கிலேயரிடம் திருப்பிவிடுவது அவர் கருத்து. நகரை விடலாகாது என்பது துய்ப்ளேயின் கருத்து. நகரைத் தம்மிடம் ஒப்புவிக்கவேண்டும் என்பது நவாப் அன்வருதீனின் எதிர்பார்ப்பு. பணமா, நகரமா, நவாபின் நட்பா என்ற இக்கேள்விக்கு அப்பொழுது யாருக்கும் விடை தெரியாது. அந்நாட்களில் துரையின் உள்ளம் போன போக்கையும், தாம் சொன்ன யோசனையையும், ஊரார் பேசிக்கொண்டதையும் பிள்ளையவர்கள் நாள்தோறும் எழுதினார். பின்பு நவாபின் சேனை அடையாற்றங்கரையில் தோற்றது. லபூர்தொனே பிரான்சு சென்று சிறைப்பட்டு, 1751-இல் குற்றமற்றவரென விடுதலை பெற்றார். வெற்றி வந்தபின் எவரும் தாம் முன்பே அறிந்திருந்ததாகச் சொல்வர். தோல்வி வந்தபின் எவரும் தாம் தடுத்ததாகச் சொல்வர். அன்றே எழுதிய ஏட்டின் முன் இவ்விருவகைப் பேச்சும் நில்லா.

1746-இல் கனகராய முதலியார் காலமானதும் தலைமைத் துபாஷிப் பதவிக்குப் பலர் போட்டியிட்டனர். கிறிஸ்தவரே அப்பதவியில் இருத்தல்வேண்டும் என்று பாதிரிமார் வற்புறுத்தினர். துய்ப்ளேயின் மனைவியாரும் பிள்ளையவர்களுக்கு மாறாயிருந்தார். எனினும் 1747-இல் பதவி அவருக்கே கிடைத்தது. யுத்தகாலமாதலால் ஐரோப்பாவிலிருந்து வெள்ளி வருவது அரிதாயிற்று. பணமின்றிச் சரக்குக் கேட்கும் கும்பினிக்கும், முன்பணமின்றிச் சரக்குத் தரமுடியாத வர்த்தகர்க்கும் நடுவே நின்றவர் அவர். இருதரப்பார் சொன்ன காரணங்களையும் அவர் எழுதிவைத்தமையால், அக்காலத்து நெசவுத்தொழில் பட்ட பாட்டை இன்று நாம் அறியக்கூடுகின்றது.

அவரைக் குற்றமற்றவராகக் காட்டுவது நம் நோக்கமன்று. எதிரிகளைப்பற்றி எழுதுங்கால் அவர் நடுநிலை தவறியதுண்டு, தற்பெருமையும் உண்டு. 1748-இல் முற்றுகைக் காலத்தில் ஈசுவரன் கோயில் இடிக்கப்பட்டபோது அவரால் தடுக்க இயலவில்லை. ஊரார் ஒற்றுமையின்றிப் பிரிந்துநின்ற நிலையையும் தம் துயரத்தையும் மறையாது எழுதினார். தமக்குப் பெருமை தராத நாளையும் எழுதியமையாற்றான், பெருமை தரும் நாளைப்பற்றி அவர் எழுதியதையும் நாம் நம்புகின்றோம்.

1754-இல் துய்ப்ளே திரும்ப அழைக்கப்பட்டார். அதன்பின் பிள்ளையவர்களின் செல்வாக்குக் குறைந்தது; 1756-இல் பதவியும் போயிற்று. நோயுற்ற நிலையிலும் எழுத்தை விட்டாரில்லை. 1761 ஜனவரி 12-ஆம் நாள் காலமானார். நான்கு நாளில் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. ஏடுகள் மட்டும் பிழைத்தன. 1846-இல் அவை மீண்டும் வெளிப்பட்டன. 1904 முதல் 1928 வரையில் சென்னை அரசாங்கத்தார் அவற்றைப் பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டனர். துய்ப்ளேயின் காலத்து வரலாற்றை எழுதப்புகும் எவரும் இன்றும் இவ்வேடுகளை நாடியே தீரவேண்டும்.

அன்பர்களே! நம் கடைகளில் பேரேடு உண்டு, ஐந்தொகை உண்டு. வந்த லாபமும் போன நஷ்டமும் அவற்றில் ஒரு காசு பிசகாது நிற்கும். ஆனால் அச்சரக்கை ஏன் வாங்கினோம், அவ்வூரில் ஏன் கடை வைத்தோம், அந்தக் கூட்டாளியை ஏன் விலக்கினோம் என்பது எந்த ஏட்டில் இருக்கின்றது? தந்தை கண்மூடியதும் தொகை மட்டும் மகனிடம் வருகின்றது; தொகையை உண்டாக்கிய யோசனை தந்தையோடு போய்விடுகின்றது. பங்காளிகள் வழக்காடும்போதும் அன்று நினைத்தது இன்னதென்று காட்ட ஒரு வரியும் இருப்பதில்லை. நம் குலத்துப் பெரியார் ஒருவர் இருபத்துநான்கு ஆண்டுகள் செய்து காட்டியதை நாம் வாரத்திற்கு ஒருமுறையேனும் செய்யலாகாதா? இன்றிரவு கணக்கை மூடுமுன், காரணத்தையும் இரண்டு வரி எழுதிவைப்போமாக.